ஆறு படத்தில் ஒரு தையல் மெசின்

போன மாசி மாதம் ஒரு பின்னேரம். கடையில் போட்டோக்கொப்பி மெசின் சூடேறி நின்றுவிட்டது. ஆறட்டும் என்று வெளியே வாங்கில் குந்தியிருந்தேன். அக்காவின் மகளும் அவளோடு படிக்கிற மூன்று பேரும் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு சித்திரக் கொப்பி.

"மாமா, இதை ஸ்கான் பண்ணித் தாங்கோ."

விரித்துப் பார்த்தேன். ஒரு பெடியன். மஞ்சள் தலைமயிர் முள்ளு முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது. முகத்தில் பாதி கண். நெற்றியில் ஒரு பட்டி. பின்னால் மலை, மலை உச்சியில் பனி.

"ஆரடி இது?"

"ஹீரோ."

"எந்த ஊர் ஆள்?"

"விசுவமடு."

விசுவமடுவில் மலை இல்லை. பரந்தனில் ஏ35 வீதியில் ஏறி முல்லைத்தீவுப் பக்கம் வந்தால் வயல், தென்னை, காடு, திரும்பவும் வயல். எங்களுக்கு ஆக உயரமான இடம் குளக்கட்டு. பனியைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. இதைச் சொன்னதற்கு மருமகள், "அனிமே எண்டா இப்பிடித்தான் மாமா" என்று முடித்துவிட்டாள்.

விசயம் இதுதான். குழுவாகச் செய்து ஒப்படைக்க வேண்டிய செயற்றிட்டம் ஒன்று. இரண்டு நிமிசத்துக்கு ஒரு அசைவுப் படம் எடுப்பதென்று நாலு பேரும் முடிவு எடுத்திருந்தார்கள். கணக்கும் போட்டிருந்தார்கள். ஒரு செக்கனுக்கு 24 படம். இரண்டு நிமிசத்துக்கு 2,880. நாலு பேர் பிரித்தால் ஆளுக்கு 720. அதில் ஒரு பெடியன் மூன்று நாள் மினக்கெட்டுப் பதினொரு படம் வரைந்து முடித்திருந்தான். அந்த வேகத்தில் போனால் அவனுடைய பங்கு முடிய ஆறரை மாதம். ஒப்படைக்க இருந்தது ஆறு கிழமை.

அனிமே என்கிற யப்பான் அசைவுப் படங்களில் நான் பைத்தியம் என்று மருமகளுக்குத் தெரியும். அது தொடங்கின கதையும் தெரியும், பல தரம் சொல்லியிருக்கிறேன். சமாதான காலம், ஏ9 திறந்திருந்த நாட்கள். வவுனியாவுக்குப் போய்வந்த ஒருவர் ஒரு சீடி கொண்டுவந்தார். கரண்ட் இல்லாத ஊர்; ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து, ரி.வி.யை முற்றத்தில் வைத்துத்தான் படம் பார்ப்போம். அன்றைக்குத் தமிழ்ப் படம் ஒன்று முடிந்த பிறகு அந்தச் சீடியைப் போட்டார்கள். யப்பான் பாசை, கீழே எழுத்தும் இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள், வைத்தியசாலையில் தாய், காட்டுக்குள் பூனையா கரடியா என்று சொல்லமுடியாத பெரிய மிருகம் ஒன்று. மழைக்குள் பஸ் தரிப்பிடத்தில் மூத்த பிள்ளை தகப்பனுக்காகக் குடையோடு காத்து நிற்கிற இடத்தில் ஜெனரேற்றருக்கு எண்ணெய் முடிந்தது. மிச்சத்தை நான் 2012இல்தான் பார்த்தேன். ஹயாவோ மியாசாக்கியின் 'என் அயலவன் தொத்தோரோ', 1988இல் வந்த படம். இடையில் போன வருசங்களில் என்னென்னவோ நடந்தது. ஆனால் அந்தப் பிள்ளை எனக்குள்ளே அந்தத் தரிப்பிடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

சரி, 2,880க்கு வருகிறேன். நாலு பேரையும் வாங்கில் இருத்தி, முதலில் ஒசாமு தெசுக்காவைப் பற்றிச் சொன்னேன். மங்கா என்கிற யப்பான் சித்திரக்கதை வரைந்து பேரெடுத்த மனிதர், வைத்தியப் படிப்பு முடித்தவர். 1963 ஜனவரி 1ஆம் திகதி அவருடைய 'அஸ்ட்ரோ போய்' ஃபுஜி தொலைக்காட்சியில் தொடங்கியது. கிழமைக்கு ஒரு அரைமணி நேரம், கிழமைக்குக் கிழமை. டிஸ்னிக்காரர் செய்கிற மாதிரி எல்லாவற்றையும் அசைய விட்டால் ஒரு பாகத்துக்கே முப்பதாயிரத்துக்கு மேல் பிரேம் நிரப்ப வேண்டும். ஆளும் இல்லை, காசும் இல்லை, நேரமும் இல்லை.

அப்போது அவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு படத்தை மூன்று பிரேமுக்கு அப்படியே நிறுத்தினார்கள். 24 எட்டானது. ஆள் கதைக்கும்போது வாய் மட்டும் அசையும், முகம் அசையாது. நடக்கிற ஆளை இடுப்புக்கு மேலே காட்டிவிட்டுப் பின்னால் இருக்கிற காட்சியை இழுத்தார்கள். காலே வரையத் தேவையில்லை. வரைந்த படங்களை எறியாமல் எடுத்து வைத்து, வேறு பாகங்களில் திரும்பத் திரும்பப் பாவித்தார்கள். அந்தச் சேமிப்புக்கு அவர்கள் வைத்த பெயரே 'பாங்க்'தான்.

"அப்ப ஏமாத்து வேலையோ?" என்று கேட்டான் பதினொரு படம் வரைந்த பெடியன். அவனுக்குக் கோபம் வந்தது நியாயம்.

நான் கூத்தைக் காட்டினேன். எங்களுடைய முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில், கோவலனும் கண்ணகியும் களரியை வட்டமடித்து வந்தால் மதுரை வந்துவிடும். நடுவில் இருக்கிற காட்டையும் ஆற்றையும் யாராவது கட்டிக் காட்டினார்களா? பார்த்துக்கொண்டிருக்கிற ஆச்சிமார் யாராவது இது ஏமாற்று என்று எழும்பிப் போனார்களா? பெடியன் யோசித்தான். பிறகு, "அப்ப எனக்கு எத்தினை படம் குறையும்?" என்று கேட்டான். ஆள் உருப்படுவான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்கு மனம் கேளாது. தெசுக்கா அந்தத் தொடரை ஆன செலவை விடக் குறைந்த விலைக்கு விற்றார். யப்பானில் அனிமே வரைகிறவர்களுக்கு இன்றைக்கும் சம்பளம் குறைவாக இருப்பதற்கு அன்றைக்கு அவர் போட்ட விலைதான் காரணம் என்று சண்டை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1989இல் தெசுக்கா இறந்த பிறகு மியாசாக்கியே அவருடைய அசைவுப் பட வேலையைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். தெசுக்கா தொடங்கிய முஷி நிறுவனம் 1973இல் முறிந்தது. எனக்கு அந்த மனிதரில் மரியாதை உண்டு. அவரிடம் சம்பளத்துக்கு நிற்க ஆசை இல்லை.

அடுத்த கேள்வி கதை. "விசுவமடு ஹீரோ எண்டால் விசுவமடுவில என்ன செய்வார்?" என்று கேட்டேன். பனிமலையில் இருந்து பாய்வார் என்றார்கள். குளக்கட்டில் இருந்து பாய்ந்தால் முழங்கால்தான் உரசும் என்றேன். சிரித்தார்கள், ஆனால் விடவில்லை. அப்போதுதான் தொத்தோரோ எங்கே நடக்கிறது என்று சொன்னேன். தோக்கியோவுக்குப் பக்கத்தில் தொக்கொரோசாவா என்ற இடம், மியாசாக்கி குடியிருக்கிற பகுதி. அந்த மரங்களையும் வயலையும் வரைந்த கசுவோ ஓகா, அகித்தா என்ற வயல் நாட்டில் பிறந்தவர். படத்தில் வருகிற புல்லுக்கு அவர் எங்கேயும் போய்ப் புல் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். யப்பான்காரர் இராமாயணத்தையும் விட்டு வைக்கவில்லை. யூகோ சாக்கோ என்பவர் எங்களுடைய பக்கத்து நாட்டு ராம் மோகனோடு சேர்ந்து தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எடுத்தார். யப்பான்காரர் வரைந்த இலங்கை எப்படி இருக்கும் என்று பார்க்க விருப்பமானவர்கள் தேடிப் பார்க்கலாம். இந்த இலங்கை மாதிரி இருக்காது.

கதையை அம்மம்மாவிடம் கேட்பம் என்று சொன்னது மருமகள்தான். அவளுக்கு அம்மம்மா, எனக்கு அம்மா.

அம்மா தையல்காரி. அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வெள்ளைச் சீருடைத் துணியில் பாதி இந்தப் பக்கம் அவருடைய கைக்கு வரும். மெசினில் இருந்தபடியே, காலை நிறுத்தாமல் சொன்னார்.

"பொங்கல் முடிஞ்சு ஒரு கிழமை. சனமெல்லாம் உடையார்கட்டுப் பக்கம் போகுது. ட்ராக்ரரில இடமில்லை. மெசினை விட்டிட்டு வா எண்டிச்சினம். நான் தலையை மட்டும் கழட்டி, எண்ணெய் பூசி, பொலித்தீனால சுத்தி, அதுக்கு மேல உரபாக் போட்டுக் கட்டி, கிணத்தடியில இருந்து பலாமரத்துப் பக்கம் பதினாறு எட்டு வைச்சுத் தாட்டனான்."

2009 தை மாதம். அதற்குப் பிறகு நடந்ததை அம்மா பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு மெனிக் பாம் முகாம். ஒரு வாக்கியமும் இல்லாமல் அதைத் தாண்டி, திரும்பி வந்த நாளுக்கு வந்துவிட்டார்.

"வந்து பாத்தா பலாமரம் இல்லை. வீட்டில கூரை இல்லை. கிணறு மட்டும் இருக்கு. வெடி எல்லாம் எடுத்து முடிஞ்சுது எண்டு சொன்னாப்பிறகு, பதினாறு எட்டு வைச்சுத் தோண்டினா ஒண்டுமில்லை. ஆரோ எடுத்திட்டாங்கள் எண்டு போட்டு இருந்திட்டன். ரெண்டு நாளாப் படுத்தா நித்திரை இல்லை. பிறகுதான் யோசிச்சன், அப்ப வைச்ச எட்டு இல்லை இப்ப வைக்கிறது. காலில காயப்பட்ட பிறகு எட்டுக் குறைஞ்சு போச்சு. பத்தொன்பது வைச்சன். இருந்திச்சு."

நான் அந்த வீட்டு மகன். தோண்டினபோது பக்கத்தில் நின்றவன். பத்தொன்பது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மலை வரைந்த பெடியன் கொப்பியை மூடிவிட்டான்.

கதை வந்ததும் முறையும் கூடவே வந்தது. நொபுரோ ஒஃபுஜி என்று ஒரு மனிதர் இருந்தார். யப்பானில் இருபதுகளில் செலுலோயிட் தாள் வாங்க வசதியில்லாத காலத்தில், சியோகாமி என்கிற பூப்போட்ட கைவேலைத் தாளை வெட்டி ஆட்களும் குதிரைகளும் செய்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் எடுத்தவர். 1926இல் எடுத்தது 'பக்தாத் கோட்டைத் திருடன்'. தாளில் ஏற்கெனவே பூ இருக்கிறபடியால் உடுப்புக்கு நிறம் தீட்டத் தேவையில்லை. 1952இல் நிறச் செலோபன் தாளை வெட்டி, பின்னாலிருந்து வெளிச்சம் அடித்துத் 'திமிங்கிலம்' என்ற படம் செய்தார். அது அடுத்த வருசம் கான் விழாவில் ஓடியது. யப்பானில் நல்ல அசைவுப் படத்துக்குக் கொடுக்கிற ஒரு பெரிய விருது இன்றைக்கும் அவருடைய பெயரில்தான் இருக்கிறது. அந்த விருதை முதலில் வாங்கினதும் தெசுக்காதான்.

எங்களிடம் சியோகாமி இல்லை. அம்மாவின் மெசினுக்குக் கீழே ஒரு உரபாக் நிறைய வெட்டுத்துணி இருந்தது. சீத்தைத் துணி, சட்டைத் துணி, திரைச்சீலைத் துண்டு, எல்லாத்துக்கும் மேலே வெள்ளை. மருமகள் அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, "மாமா, இதை வெட்டினா என்ன?" என்று கேட்டாள். நான் சொல்லிக் கொடுத்ததாகப் பெருமை அடிக்க விருப்பம். உண்மையில் அவள் கேட்டாள், நான் தலையாட்டினேன். துணி சுருளும், நூல் பிரியும். மட்டையில் பசை பூசி ஒட்டிக் காய வைத்து வெட்டினால் நிற்கும். கை, முழங்கை, கால், முழங்கால் என்று தனித்தனியாக வெட்டி நூலால் முடிந்தார்கள். நிலத்துக்கு வளவு மண்ணை அரித்துப் பசையோடு குழைத்து மட்டையில் பூசினார்கள். கணினியில் எந்த நிறமும் அப்படி வராது.

அசைவைத் தொடங்க முன்னம், பதினாலு மட்டையில் கதையை வரையச் சொன்னேன். இதற்கும் யப்பானில் ஒரு மூதாதை உண்டு: கமிஷிபாய், தாள் நாடகம். 1930களில் சைக்கிளில் மரச் சட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். இரண்டு கட்டையை அடித்துச் சத்தம் எழுப்பினால் பிள்ளைகள் ஓடிவரும். இனிப்பு வாங்கினவர்களுக்கு முன்னிடம். படங்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கதை சொல்வார்கள், மிச்சம் நாளைக்கு. ரி.வி. வந்த புதிதில் யப்பான் சனம் அதை மின்சாரக் கமிஷிபாய் என்று சொன்னார்களாம். அந்த வேலை செய்தவர்களில் பலர் பிறகு மங்கா வரையப் போனார்கள்.

எங்களுக்கு அது தலைகீழாக நடந்தது. கடை விறாந்தையில் பிள்ளைகள் பதினாலு மட்டையையும் தூக்கிக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்த நேரம், மணி அடித்துக்கொண்டு வந்த தும்புமுட்டாஸ்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு முழுக்கப் பார்த்தார். யப்பானில் இனிப்பு விற்கிறவர் கதை சொன்னார். இங்கே இனிப்பு விற்கிறவர் கதை கேட்டார். முடிந்ததும், "நல்லாயிருக்கு. ஆனா எது போக முந்தி, எது வந்த பிறகு எண்டு விளங்கேல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சரியாகப் பிடித்துவிட்டார். அன்றைக்கு இரவு உட்கார்ந்து முடிவெடுத்தோம். போக முந்தி நடக்கிறது எல்லாம் நிறத் துணி. வந்த பிறகு எல்லாம் சீருடை வெட்டின வெள்ளைத் துணி மட்டும்.

ஒரு படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதா விடுவதா என்று எனக்குள் பெரிய இழுபறி. இசாவோ தக்காஹாத்தாவின் 'மின்மினிகளின் கல்லறை'. தொத்தோரோ வெளிவந்த அதே நாள், அதே தியேட்டரில், ஒரே ரிக்கற்றில் இரண்டாகக் காட்டின படம்: 1988 ஏப்ரல் 16. கோபே நகரத்தில் குண்டு விழுகிறது. அண்ணனும் தங்கச்சியும் நடுத்தெருவில். தக்காஹாத்தா ஒன்பது வயதில் ஒக்கயாமாவில் குண்டுவீச்சுக்குள் ஓடித் தப்பினவர். சில வருசத்துக்கு முந்தி நான் அதை வீட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்காவும் வந்து இருந்தா. இனிப்பு ரின்னைக் குலுக்குகிற சத்தம் வந்த இடத்தில் எழும்பிக் குசினிக்குள் போய், கழுவி வைத்திருந்த பானை சட்டியைத் திரும்பக் கழுவினா. படம் முடியும்வரை கழுவினா.

காட்டவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகள்தான். ஆனால் அவர்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் யாரிடமாவது கேட்கப் போகிற கேள்விக்கு நான் பொறுப்பெடுக்க ஏலாது. அதிலிருந்து ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் படத்தில் ஆட்களைச் சுற்றி வருகிற கோடுகளில் பெரும்பாலானவை கறுப்பு இல்லை, மண்ணிறம். கறுப்புக் கோடு ஆளை நிலத்தில் இருந்து வெட்டி எடுத்துக் காட்டும். மண்ணிறக் கோடு ஆளை நிலத்தோடு வைத்திருக்கும். பிள்ளைகள் துணி ஆட்களின் கண்ணையும் வாயையும் மண்ணிறப் பென்சிலால் வரைந்தார்கள். எங்கள் படத்தில் செல் விழவில்லை. போகிற காட்சி ஒரே ஒரு அசையாத படம், ட்ராக்ரரின் பின்பக்கம், நாலு செக்கன். ஒசாமு தேசாக்கி என்கிற இயக்குநர் காட்சியின் முடிவில் அசைவை நிறுத்தி, அதையே தீட்டின ஓவியம் மாதிரி உறைய வைப்பார். அந்த முறை.

கணக்குக்குத் திரும்புவோம், ஏனென்றால் எனக்கு இந்தப் பகுதிதான் விருப்பம். செக்கனுக்கு எட்டு என்று வைத்தால் இரண்டு நிமிசத்துக்கு 960. அதில் அசையாத காட்சிகள் கழிந்தன. ஒரு போட்டோவை எத்தனை நேரமும் நிறுத்தி வைக்கலாம். தையல் மெசினின் சக்கரம் சுற்றுவதற்கு ஆறு போட்டோ. அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு மூன்று காட்சியில் பாவித்தோம். எங்களுடைய பாங்க். போக முந்தி வைத்த பதினாறு எட்டுக்கும் கால் மட்டும் தெரிகிற ஒரே எட்டைப் பதினாறு தரம் ஓடவிட்டோம். அம்மாவும் அப்போது கணக்காக, ஒரே மாதிரித்தானே வைத்திருப்பார்.

இப்படி மிச்சம் பிடித்த எல்லாவற்றையும் பத்தொன்பது எட்டில் கொண்டுபோய்க் கொட்டினோம். அதில் ஒரு எட்டைக்கூடத் திரும்பப் பாவிக்கவில்லை. ஒரு எட்டுக்கு எட்டுப் போட்டோ, 152 போட்டோ, 19 செக்கன். முதல் மூன்று எட்டு நேராக. ஏழாவதில் காயப்பட்ட கால் இழுபடும். பதினாறாவதில் நிற்பார். அதற்குப் பிறகு இருக்கிற மூன்றும் ஒவ்வொன்றும் வேறு மாதிரி. யப்பான்காரரும் இதைத்தான் செய்கிறார்கள். இருபது நிமிசம் ஆட்களை நிற்க வைத்துக் கதைக்க விட்டு, மிச்சம் பிடித்த படங்களை எல்லாம் ஒரு நிமிசத்தில் செலவழிப்பார்கள். பிள்ளைகளுக்கு அனிமே என்றால் அந்த ஒரு நிமிசம் மட்டும்தான் ஞாபகம் நிற்கிறது. அதற்காகச் சேமித்த இருபது நிமிசத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே விசயம் அதுதான்: எது அசையக் கூடாது என்று முதலில் முடிவெடு.

வாய்க்கு மூன்று துண்டு. மூடினது, பாதி, திறந்தது. யப்பான் தொலைக்காட்சித் தொடர்களில் பெரும்பாலும் இந்த மூன்றுதான், சத்தத்தோடு அவ்வளவாக ஒட்டாது, யாரும் கவலைப்படுவதும் இல்லை. நாங்களும் கவலைப்படவில்லை, ஒரு சொல்லைத் தவிர. படத்தின் கடைசியில் பேத்தி "அம்மம்மா" என்று கூப்பிடுவாள். அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு தரம் உதடு மூடுகிறது. மூடாமல் விட்டால் தமிழ்க் காதுக்கு உடனே பிடிபடும். ஏதோ டப்பிங் படம் மாதிரி இருக்கும். திறந்து, மூடி, திறந்து, மூடி, திறந்து. அந்த ஒரு சொல்லுக்கு ஒரு பின்னேரம் போனது.

படம் பிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கமரா என்பது மருமகளின் போன். இரண்டு கதிரைக்கு நடுவில் பலகை, பலகையில் ஓட்டை, ஓட்டைக்கு மேலே போன் கீழ்நோக்கிப் படுத்திருக்கும். துணியை அமத்திப் பிடிக்கச் சாமிப் படத்துக் கண்ணாடி. சாமியை மரியாதையாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான். முந்தின போட்டோவை மங்கலாகக் காட்டுகிற வசதி அந்தச் செயலியில் இருக்கிறது, அதற்கு வெங்காயத்தோல் என்று பெயர். பிள்ளைகள் அதற்கு அரைமணி நேரம் சிரித்தார்கள். முதல் நாள் யன்னல் வெளிச்சத்தில் எடுத்தோம். முகில் வந்து வந்து போனதில், ஓட்டிப் பார்த்தால் வளவு முழுக்க மின்னல் வெட்டுகிறது. இரண்டாம் நாள் யன்னலைச் சாத்தி, இரண்டு எல்.ஈ.டி. குமிழ் கட்டி, போனின் வெளிச்சத்தைத் தானாக மாறாமல் பூட்டி எடுத்தோம். பன்னிரண்டாவது எட்டில் பூனை கதிரையில் பாய்ந்தது. 63 போட்டோ போனது. யார் கதவைத் திறந்து விட்டது என்ற விசாரணை இன்னும் முடியவில்லை.

குரல் பிள்ளைகளுடையதே. மக்கோத்தோ ஷின்காய் 2002இல் 'தூர நட்சத்திரத்தின் குரல்' என்ற இருபத்தைந்து நிமிசப் படத்தை வீட்டில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு ஏறத்தாழத் தனியாளாகச் செய்தபோது, முதலில் அவரும் அவருடைய துணையும்தான் குரல் கொடுத்தார்கள். பிறகு 'உன் பெயர்' எடுத்து உலகப் புகழ் பெற்ற மனிதர். மெசின் சத்தம் அம்மாவின் மெசினுடையது. இரவு பத்து மணிக்குப் பிறகுதான் பதிய முடிந்தது. அதற்கு முந்தி நாய், பிறகு கோயில் ஒலிபெருக்கி, பிறகு பாண் வான்.

மண்வெட்டி இரும்பில் முட்டுகிற இடத்தில் பிள்ளைகள் இசை போட்டிருந்தார்கள், வயலின் அழுகிற ஒன்று. நான் எடுக்கச் சொன்னேன், சண்டை வந்தது. மியாசாக்கியை 2002இல் அமெரிக்க விமர்சகர் ரொஜர் ஈபேர்ட் பேட்டி கண்டபோது, அவர் மூன்று நாலு தரம் கைதட்டிக் காட்டி, இரண்டு தட்டுக்கு நடுவில் இருக்கிற நேரத்துக்கு யப்பானில் 'மா' என்று பெயர் என்றாராம். அது இல்லாமல் ஓயாத அசைவாகவே இருந்தால் மூச்சு விட இடமில்லை என்பது அவருடைய கட்சி. பிள்ளைகளுக்கு அது ஏறவில்லை. கடைசியில் மருமகள் அம்மாவிடம் போய், "முட்டினோடன என்ன செய்தனீங்கள் அம்மம்மா?" என்று கேட்டாள். "என்ன செய்யிறது, நிண்டனான்" என்றார். வயலின் போனது. ஒரு 'ணங்', பிறகு ஐந்து செக்கன் ஒன்றுமில்லை.

மொத்தம் 411 போட்டோ. ஒப்படைக்க இரண்டு நாள் முந்தி, வீட்டு விறாந்தையில் வெள்ளை வேட்டியைக் கட்டி, கடன் வாங்கின புரொஜெக்ரரில் ஓட்டினோம். அக்கா இருந்து பார்த்தா, எழும்பவில்லை. அக்கம்பக்கத்தில் இருபது பேர் வந்திருப்பார்கள். தும்புமுட்டாஸ்காரருக்கும் சொல்லிவிட்டோம், வரவில்லை. பத்தொன்பது எட்டு நடந்துகொண்டிருந்தபோது பின்னால் யாரோ ஒரு மனிசி வாய்க்குள் எண்ணுவது கேட்டது.

முடிந்ததும் எல்லாரும் அம்மாவைத்தான் பார்த்தார்கள். அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார்.

"எல்லாம் சரி. மெசின்ர சக்கரம் மற்றப் பக்கமாச் சுத்துது. அப்பிடிச் சுத்தினா நூல் அறுந்து போகும்."

ஒருவரும் கவனிக்கவில்லை. அதே வீட்டில் அந்த மெசினின் சத்தத்தில் வளர்ந்த நானும் கவனிக்கவில்லை. மருமகள் போனை எடுத்து, அந்த ஆறு போட்டோவையும் ஆறு, ஐந்து, நாலு என்று கடைசியிலிருந்து அடுக்கினாள். மூன்று காட்சியும் அதே பாங்கில் இருந்து வருகிறபடியால் இரண்டு நிமிசத்தில் வேலை முடிந்தது. இப்போது சக்கரம் சரியான பக்கத்துக்குச் சுற்றுகிறது.